அடிக்கோடு விழாத வரி

கேள்வி: வணக்கம் டொக்டர். எங்கள் வீட்டில் ஜூலி என்றொரு பெட்டை நாய் இருக்கிறது. வயது எட்டு, நிறை 18 கிலோ. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யவில்லை. குட்டி போடாமலிருக்க முன்பு சில தடவை ஊசி போட்டிருக்கிறோம். இரண்டு கிழமையாகத் தண்ணீர் நிறையக் குடிக்கிறாள். ஒருநாளும் வீட்டுக்குள் அசுத்தம் செய்யாதவள், இப்போது விறாந்தையிலேயே சலம் போய்விடுகிறாள். சாப்பாடும் குறைவு, மீன் தலை போட்டால்தான் வாய் வைக்கிறாள். பக்கத்தில் இருக்கும், மனிதருக்குப் பரிசோதனை செய்கிற ஆய்வுகூடத்தில் அவளுடைய சலத்தைக் கொடுத்துப் பார்த்தோம். காலை ஐந்தரைக்கு எடுத்து, கழுவிய ஜாம் போத்தலில் விட்டு, பிறிஜ்ஜில் வைத்து, பத்து மணிபோல்தான் கொடுக்க முடிந்தது.

அறிக்கை இது: நிறம் வெளிர் மஞ்சள், சற்றுக் கலங்கல். ஸ்பெசிஃபிக் கிரவிட்டி 1.010. பி.எச். 8. புரதம் இரண்டு பிளஸ். சீனி இல்லை. பிலிருபின் மிகச் சிறிதளவு. நைத்திரைற்று இல்லை. பஸ் செல் (சீழில் இருக்கும் வெண்குழியம்) 10–12, செங்குழியம் 2–4. டிரிப்பிள் பொஸ்பேட் பளிங்குகள் நிறைய. புரதம், பிலிருபின், பஸ் செல், பளிங்கு ஆகிய நான்குக்கும் கீழே சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் குடித்தால் கல்லுத்தான் வரும் என்கிறார் சித்தப்பா. பக்கத்து வீட்டு அன்ரி செங்கமாரி என்கிறார். மருந்துக்கடையில் அமொக்சிசிலின் வாங்கி இரண்டு நாளாகக் கொடுக்கிறோம். விறாந்தை நனையாமலிருக்க இரவில் தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிடுகிறோம். இது சிறுநீரகமா, கல்லா, செங்கமாரியா? அம்மாவும் ஒன்று கேட்கச் சொன்னா: எங்கள் மாடு போன மாதம் இரண்டு நாள் சிவப்பாகச் சலம் போனது, பிறகு சரியாகிவிட்டது. அதற்கும் இப்படிப் பரிசோதனை செய்யலாமா?

— கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதம் இந்தப் பக்கத்தில் அச்சாகும்வரை காத்திருக்கக்கூடியதல்ல. அதனால்தான் அது கிடைத்தவுடனேயே உங்களை அழைத்து, ஜூலியை அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் வயிற்றை ஸ்கான் செய்து பார்க்கச் சொன்னேன். தண்ணீர்ச் சட்டியை இரவும் பகலும் அவளுக்கு எட்டுகிற இடத்தில் வைக்கச் சொன்னேன். ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன் என்று அப்போது விளக்க நேரமிருக்கவில்லை. இப்போது விளக்குகிறேன். இதே மாதிரி ஓர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

சிவப்புக் கோடு விழுந்த நான்கு வரிகளும் உங்களைப் பயமுறுத்தியிருக்கின்றன. என்னைப் பயமுறுத்தியது கோடே விழாத ஒரு வரி: 1.010. ஆய்வுகூடத் தாளில் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 'சாதாரண அளவு' மனிதருக்கானது. அது பெரும்பாலும் 1.005 முதல் 1.030 வரை என்றிருக்கும். 1.010 அதற்குள் அடங்கிவிடுவதால் யாரும் கோடு போடமாட்டார்கள். ஆய்வுகூடத்தில் இருந்த தம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருக்குத் தெரிந்த கணக்கில் அது சரியான எண்தான். நாய்க்குக் கணக்கு வேறு.

அந்த எண் சிறுநீரின் செறிவைச் சொல்கிறது. சுத்தமான தண்ணீர் 1.000. சிறுநீரகம் இரத்தத்திலிருந்து முதலில் வடித்தெடுக்கும் நீர் 1.008க்கும் 1.012க்கும் இடையில் இருக்கும். அதற்குப் பிறகு உடம்பின் தேவையைப் பார்த்துச் சிறுநீரகம் அதிலிருந்து தண்ணீரைத் திருப்பி எடுத்துக்கொள்ளும், அல்லது இன்னும் நீர்க்க விடும். தண்ணீர் தேவைப்படுகிற நேரத்தில் நாயின் சிறுநீர் 1.030க்கு மேல் போக வேண்டும், பூனையுடையது 1.035க்கு மேல், மாட்டினுடையது 1.025க்கு மேல். ஒரு நாயில் ஒரு தடவை 1.010 வந்தால் உடனே வருத்தம் என்று அர்த்தமல்ல. மத்தியான வெயிலில் ஒரு சட்டி தண்ணீரையும் குடித்துவிட்டு வந்த நல்ல சுகதேகியான நாயும் அதே எண்ணைக் காட்டும்.

ஆனால் ஜூலியின் சட்டியை நீங்கள் இரவே எடுத்துவிட்டீர்கள். விடிகாலை ஐந்தரைக்குத்தான் சலம் பிடித்திருக்கிறீர்கள். இரவு முழுக்கத் தண்ணீர் கிடைக்காத உடம்பு ஒவ்வொரு துளியையும் பிடித்து வைக்கத்தான் பார்க்கும். அப்படியிருந்தும் 1.010 என்றால், அவளுடைய சிறுநீரகத்தால் பிடித்து வைக்க முடியவில்லை. தண்ணீரை நிறுத்தி வைத்துச் சிறுநீரின் செறிவைப் பார்ப்பது ஒரு பரிசோதனை முறைதான், ஆனால் சுகமில்லாத மிருகத்தில் அதைச் செய்ய நாங்கள் பயப்படுவோம். நீங்கள் தெரியாமல் செய்திருக்கிறீர்கள். அவள் நிறையக் குடிப்பதால் நிறையச் சலம் போகவில்லை. சலமாக வெளியே போய்விடுவதை ஈடுகட்டத்தான் குடிக்கிறாள். சட்டியை எடுத்தாலும் சலம் போவது நிற்காது, உடம்புதான் காயும். விறாந்தையைக் கழுவிக்கொள்ளலாம்.

இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பல ஆய்வுகூடங்களில் இந்த எண்ணையும் நிறம் மாறும் பரிசோதனைப் பட்டியில்தான் பார்க்கிறார்கள். மிருகங்களின் சிறுநீரில் அந்தப் பட்டியின் செறிவுக் கட்டம் நம்பக்கூடியதல்ல. ஒரு துளியை விட்டுக் கண்ணால் பார்க்கும் ஒளிமுறிவுமானி என்றொரு சின்னக் கருவி இருக்கிறது, அதில்தான் பார்க்க வேண்டும். அடுத்த தடவை கொடுக்கும்போது எதில் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். அதற்கிடையில் வீட்டிலேயே ஒரு கணக்கு எடுக்கலாம்: அளந்து ஊற்றி, 24 மணித்தியாலத்தில் எவ்வளவு குடிக்கிறாள் என்று பாருங்கள். கிலோவுக்கு 100 மில்லிலீற்றரைத் தாண்டினால் அது வெக்கைக்குக் குடிப்பதல்ல, வருத்தத்துக்குக் குடிப்பது. 18 கிலோ ஜூலிக்கு அது 1.8 லீற்றர்.

சரி, சிறுநீரகம் ஏன் தண்ணீரை விடுகிறது? சலத்தில் சீனி இல்லை, ஆகவே சீனி வருத்தத்தைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். சொறிக்கு என்று ஸ்டீரோய்ட் ஊசியோ குளிசையோ போட்டிருந்தால் அதுவும் சலத்தை நீர்க்க வைக்கும். அப்படி ஒன்றும் கொடுக்கவில்லை என்று தொலைபேசியில் சொன்னீர்கள். சிறுநீரகமே பழுதாகிக்கொண்டிருக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு வேலை செய்யாமல் போகும்போதுதான் சலம் நீர்க்கத் தொடங்கும், இரத்தத்தில் கிரியேற்றினின் என்ற கழிவு ஏறுவது அதற்கும் பிறகு, முக்கால் பங்கு போனபின். அதனால் கிரியேற்றினின் சரியாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

என் மனம் ஓடியது கருப்பைக்கு. எட்டு வயது, சத்திரசிகிச்சை செய்யாத பெட்டை, கருத்தடை ஊசி போட்ட வரலாறு, ஒன்றரை மாதத்துக்கு முன் பருவத்துக்கு வந்தவள் (இதையும் தொலைபேசியில்தான் சொன்னீர்கள்), இப்போது சாப்பாடு குறைவு, தண்ணீர்த் தாகம். இந்த வரிசையைக் கேட்டால் எந்த மிருக வைத்தியரும் முதலில் கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார். பருவம் முடிந்து நான்கிலிருந்து எட்டுக் கிழமைக்குள்தான் இது கூடுதலாக வரும். அந்த ஊசியில் இருக்கும் ஹோர்மோன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைத்துக் கிருமிக்கு இடம் கொடுக்கும். ஊசி மலிவு, வேலையும் சுகம், அதனால்தான் நம்மிடையே இன்னும் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, கேட்கிறவர்களிடம் எல்லாம் சத்திரசிகிச்சையைத்தான் சொல்கிறேன்.

கருப்பையில் இருக்கும் சீழ் சிறுநீரை ஏன் நீர்க்க வைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அங்கே வளர்வது பெரும்பாலும் ஈ.கோலை என்ற கிருமி. அது விடும் நஞ்சு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்கு வரும்போது, தண்ணீரைப் பிடித்து வை என்று மூளை அனுப்பும் ஹோர்மோனுக்குச் சிறுநீரகம் செவிசாய்க்காமல் போகிறது. வாய் திறந்த கருப்பை என்றால் பின்பக்கத்தில் சீழ் வடிவது தெரியும், நாய் அடிக்கடி நக்கிக்கொண்டேயிருக்கும். வாய் மூடியிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, அதுதான் கூடுதல் ஆபத்து. கருப்பை வெடித்தால் நாய் தப்புவது கஷ்டம். குளிசையால் மட்டும் இது தீராது. கருப்பையை எடுக்க வேண்டும், இரத்தப் பரிசோதனை செய்து, சேலைன் ஏற்றி, ஆளைத் தேற்றிவிட்டு. இது ஊகம்தான். ஸ்கானில் ஒன்றுமில்லை என்று வந்தால் சிறுநீரகத்தை நோக்கிப் போகலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அது.

இனிச் சிவப்புக் கோடுகளுக்கு வருவோம். எல்லாவற்றையும் 1.010 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

புரதம் இரண்டு பிளஸ். இதே இரண்டு பிளஸ் 1.045 செறிவில் வந்திருந்தால் நான் பெரிதாக அலட்டிக்கொள்ளமாட்டேன். ஒரு குடம் தண்ணீரில் கலந்த பிறகும் உப்புக் கரிக்கிறது என்றால் போட்ட உப்பு எவ்வளவு என்று யோசியுங்கள், அதுபோலத்தான் நீர்த்த சலத்தில் இரண்டு பிளஸ். கோடு போட்டதில் உண்மையாகவே கோடு போட வேண்டிய வரி இதுதான். ஆனால் பி.எச். 8 போலக் காரமாக இருக்கும் சலத்தில் அந்தப் பட்டி இல்லாத புரதத்தையும் கொஞ்சம் காட்டும். பஸ் செல் இருந்தாலும் புரதம் ஏறும். அதனால் இப்போதைக்கு அளவைத் துல்லியமாகத் தேடத் தேவையில்லை. கருப்பைப் பிரச்சினை தீர்ந்து சில கிழமை போன பிறகு, சலத்தில் புரதத்துக்கும் கிரியேற்றினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நாயில் 0.2க்குக் கீழே நல்லது, 0.5க்கு மேலே தொடர்ந்து இருந்தால் சிறுநீரகம் புரதத்தை ஒழுக விடுகிறது என்று அர்த்தம்.

பிலிருபின் மிகச் சிறிதளவு. செங்கமாரியில் உடம்பை மஞ்சளாக்கும் சாயம் இது, பக்கத்து வீட்டு அன்ரியின் செங்கமாரி இதிலிருந்துதான் வந்திருக்கும். நாயின் சிறுநீரகம் பிலிருபினைத் தானே கொஞ்சம் உண்டாக்கும், வெளியே விடவும் செய்யும். செறிவான சலத்தில், முக்கியமாக ஆண் நாயில், ஒரு பிளஸ்கூடச் சாதாரணம். பூனை என்றால் ஒரு துளி பிலிருபினையும் விடமாட்டேன். ஜூலியின் சலம் நீர்த்தது, அதனால் முற்றாக ஒதுக்காமல், எடுக்கப்போகும் இரத்தத்தில் ஈரலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். அவ்வளவுதான். உண்மையான செங்கமாரியில் கண்ணின் வெள்ளையும் முரசும் மஞ்சளாகும், சலம் கடும் மஞ்சளாகவோ தேன் நிறமாகவோ போகும். உண்ணியால் வரும் காய்ச்சலிலும் எலிக்காய்ச்சலிலும் அப்படிப் பார்க்கிறோம்.

எலிக்காய்ச்சல் என்றதும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் அந்தக் காய்ச்சலால் ஆட்கள் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நாயும் மாடும் அந்தக் கிருமியைச் சலத்தில் வெளியே விடும், சாதாரண சலப் பரிசோதனையில் அது தெரியாது. எந்த மிருகத்தின் சலத்தைப் பிடித்தாலும் கையுறை போடுங்கள், கையில் காயம் இருந்தால் வேறு ஆளைப் பிடிக்கச் சொல்லுங்கள், பிறகு சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள்.

பஸ் செல் 10–12. நேராகச் சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த சலத்தில் இத்தனை இருந்தால் அங்கே கிருமி என்பேன். கீழே பிடித்த சலம், அதுவும் பெட்டை நாய் என்றால், வரும் வழியிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம், கருப்பையிலிருந்து வடிந்ததாகவும் இருக்கலாம். வழக்கமாக ஊசியால் நேரே சிறுநீர்ப்பையிலிருந்து சலம் எடுப்பது நல்ல முறை. கருப்பையில் சீழ் என்ற சந்தேகம் இருக்கும்போது ஸ்கானில் பார்க்காமல் அங்கே ஊசி குத்தக் கூடாது. நைத்திரைற்று இல்லை என்ற வரியை முற்றாக மறந்துவிடுங்கள், மிருகங்களில் அந்தக் கட்டத்துக்கு மதிப்பில்லை. பட்டியில் வெண்குழியத்துக்கு என்று இருக்கும் கட்டமும் அப்படித்தான்: நாயில் இருந்தும் காட்டாது, பூனையில் இல்லாததையும் காட்டும்.

அமொக்சிசிலின் பற்றி: எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று பெட்டியையும் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை செய்ய வேண்டிவந்தால், குடித்துக்கொண்டிருக்கும் மருந்து விடையைக் குழப்பிவிடும். நீங்களாகக் கூட்டவோ வேறு ஒன்றுக்கு மாற்றவோ வேண்டாம்.

இப்போது சித்தப்பாவின் கல். யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல்லுக்குள்ளிருந்து வரும் தண்ணீர் கடினமானது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது கல்சியம். உண்மை. ஆனால் டிரிப்பிள் பொஸ்பேட் பளிங்கில் இருப்பது மக்னீசியம், அமோனியம், பொஸ்பேட். கல்சியம் அதில் இல்லவே இல்லை. நாயில் இந்த வகைக் கல் வருவதற்குப் பெரும்பாலும் காரணம், யூரியாவை உடைத்துச் சலத்தைக் காரமாக்கும் கிருமிகள். தண்ணீரல்ல. அதுவும் கல் இருந்தால்தான். பளிங்கு வேறு, கல் வேறு. சுகமான நாய்கள் பலவற்றின் சலத்தில் இந்தப் பளிங்கு இருக்கும். பிறிஜ்ஜில் வைத்தால் போத்தலுக்குள்ளேயே புதிதாக உருவாகும், நேரம் போகப் போகப் பி.எச்.சும் ஏறும். உங்கள் போத்தல் நாலரை மணித்தியாலம் காத்திருந்திருக்கிறது. ஆகவே பி.எச். 8, பளிங்கு நிறைய என்ற இரண்டு வரிகளும் ஜூலியைப் பற்றிச் சொல்கின்றனவா, பிறிஜ்ஜைப் பற்றிச் சொல்கின்றனவா என்று எனக்குச் சொல்ல வழியில்லை. கல் இருக்கிறதா என்பதை ஸ்கானும் எக்ஸ்றேயும்தான் சொல்லும், எப்படியும் ஸ்கான் செய்யத்தானே போகிறீர்கள்.

கல்லுக்குப் பயப்பட வேண்டிய இடம் வேறு. தவிடும் தானியமும் அதிகமாகக் கொடுத்துக் கொழுக்க வைக்கும் கிடாய்களில், முக்கியமாகச் சின்னதிலேயே நலம் அடித்தவற்றில் (காயடித்தவற்றில்), தவிட்டின் பொஸ்பரஸ் கல்லாகிக் குழாயை அடைக்கும். முக்கிக்கொண்டு நின்றும் சலம் வராத கிடாய்க்கு ஆய்வுகூடம் தேவையில்லை, உடனே வைத்தியரைக் கூப்பிட வேண்டும்.

அடுத்த தடவை சலம் பிடிக்கும்போது ஜாம் போத்தல் வேண்டாம். கழுவினாலும் மிச்சமிருக்கும் சீனி, சலத்தில் சீனி என்று வந்துவிடும். குளோரின் போட்டுக் கழுவியிருந்தால் இல்லாத இரத்தமும் தெரியும். மருந்துக்கடையில் விற்கும் சிறுநீர்ப் போத்தலை வாங்குங்கள். விடிய அவளை வளவுக்குள் கூட்டிக்கொண்டு போய், குந்தும்போது தட்டையான சுத்தமான ஒரு கோப்பையைப் பின்னாலிருந்து நீட்டுங்கள், முதலில் வரும் கொஞ்சத்தை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். சீமெந்துத் தரையிலிருந்து வழித்தெடுப்பது ஒன்றுக்கும் உதவாது. ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுக்கப் பாருங்கள். முடியாவிட்டால் பிறிஜ்ஜில் வைக்கலாம், ஆனால் அதை ஆய்வுகூடத்தில் சொல்லுங்கள், குளிர் ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும். போத்தலில் 'நாய்' என்று எழுதிவிடுங்கள்.

அம்மாவின் மாட்டுக்கு வருகிறேன். போன மாதம் சரியாகிவிட்டது என்றால் இப்போது சலம் எடுத்துப் பார்த்து ஒன்றும் தெரியப்போவதில்லை. இன்னொரு தடவை சிவந்தால் கண்ணாடிப் போத்தலில் பிடித்து அசைக்காமல் வையுங்கள். சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்தால் அது இரத்தம், சிறுநீர்ப்பை, சிறுநீரகப் பக்கம் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் வைத்தாலும் முழுக்க ஒரே சிவப்பாக, அல்லது கோப்பி நிறமாக நின்றால், பெரும்பாலும் உடம்புக்குள் செங்குழியங்கள் உடைந்து அந்தச் சாயம் வடிகிறது. பட்டி இரண்டையும் 'இரத்தம்' என்றுதான் காட்டும், பிரித்துச் சொல்லாது. வைத்தியரிடம் போத்தலைக் காட்டும்போது கன்று போட்டு எத்தனை கிழமை என்று சொல்லுங்கள், கன்று போட்ட முதல் ஒரு மாதத்தில் பொஸ்பரஸ் குறைந்தாலும் இப்படி ஆகும். காதிலும் மடிப் பக்கத்திலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சலோடு சிவந்தால் உண்ணியிலிருந்து வரும் கிருமியைத்தான் முதலில் தேட வேண்டும்.

ஆனால் கோண்டாவில் என்றதும் எனக்கு முதலில் வருகிற கேள்வி வெங்காயம். அறுவடை நேரத்தில் அழுகினதும் விலை போகாததுமான வெங்காயத்தை மாட்டுக்குக் கொட்டுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. மாட்டுக்கு அது ஆட்டைவிடக் கூடுதலாகக் கெடுதல். தின்று சில நாளில் செங்குழியம் உடையும், சலம் சிவக்கும், பால்கூட வெங்காயம் மணக்கும். நிறுத்தினால் தானாகத் தேறிவிடுவதும் உண்டு, இரண்டு நாளில் சரியானது அதனாலாகவும் இருக்கலாம். போன மாதம் மாட்டுக்கு வெங்காயம் போட்டதா, எவ்வளவு போட்டது என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.